ஓடாத ரோபோ காரை ஓட வைப்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கடிதம் டைப் செய்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், இன்டர்நெட்டில் உலவுகிறார்கள். எல்லாமே திரைக்குள் நடப்பவை. நீங்கள் எழுதும் நாலு வரிக் கட்டளை, திரையை விட்டு வெளியே வந்து தரையில் சக்கரமாகச் சுழன்றால் எப்படி இருக்கும்? அதற்காகத்தான் பள்ளிகளுக்குச் சிறிய ரோபோ கார்கள் வந்திருக்கின்றன. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-ல் தொடங்கிய பிறகு, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் பலருக்கு இவற்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

ஆனால் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பத்து கார்கள் இருந்தன. அவற்றில் ஏழு 'கெட்டுப்போனவை' என்று பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. ஸ்டாக் ரிஜிஸ்டரில் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற கவலை ஆசிரியருக்கு. ஏழாவது காரைக் கடைசியாகக் கையில் எடுத்தவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. "நீதான் கெடுத்தாய்" என்று யாரோ சொல்லிவிட, அதன் பிறகு அவள் அந்த மேசைப் பக்கமே வருவதில்லையாம்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று கார்களுக்குக் கேபிள் சரியில்லை. இரண்டுக்குப் பேட்டரி சரியில்லை. ஒன்றில் இரண்டு ஒயர்கள் வரக்கூடாத இடத்துக்கு வந்திருந்தன. உண்மையாகவே கருகிப்போனது ஒன்றே ஒன்றுதான். அன்று கற்றதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். வீட்டில் ஒரு கார் கிட் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

காருக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் பலவகை கிட்கள் கிடைக்கின்றன. நாம் இங்கே பார்க்கப்போவது ஆர்டுயினோ ஊனோ போர்டில் இயங்கும் இரண்டு சக்கரக் கார். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்களுக்காக உருவானது. ஊனோ போர்டு 2010-ல் வந்தது. இதன் வடிவமைப்பை வெளிப்படையாக வெளியிட்டிருப்பதால் பல நிறுவனங்கள் இதே போன்ற போர்டைத் தயாரித்து விற்கின்றன. கிட்களில் பெரும்பாலும் வருவது இந்த நகல் போர்டுதான். அதனால் குற்றமில்லை, வேலை செய்யும்.

ஊனோ போர்டு காரின் மூளை. உங்கள் புரோகிராம் இதில்தான் பதிவாகிறது. இதன் மெமரி 32 கிலோபைட். ஒரு சிறிய போட்டோவுக்குக்கூடப் போதாத அளவு, ஆனால் காருக்குத் தாராளம்.

எல்298என் மோட்டார் டிரைவர் காரின் தசை. ஊனோவின் ஒரு பின்னிலிருந்து கிடைக்கும் கரண்ட் மோட்டாரைச் சுழற்றப் போதாது. எனவே ஊனோ உத்தரவு மட்டும் போடும், பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு அனுப்புவது டிரைவர்.

மஞ்சள் நிறக் கியர் மோட்டார்கள் இரண்டு. இவை 3 முதல் 6 வோல்ட்டில் ஓடுபவை. முன்புறமோ பின்புறமோ தானாகத் திரும்பும் சிறு உருளைச் சக்கரம் ஒன்று. 'கண்'ணாக ஹெச்.சி-எஸ்.ஆர்.04 என்ற ஒலி சென்சார். பிறகு பேட்டரி பெட்டி, சுவிட்ச், ஒயர்கள். அவ்வளவுதான்.

முதலில் பேட்டரி

கிட்டுடன் பலர் சேர்த்து வாங்குவது ரேடியோவில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரி. '9 வோல்ட் என்றால் பலம் அதிகம்' என்று நினைக்கிறோம். வோல்ட் அதிகம்தான், ஆனால் அதனால் அதிகக் கரண்டைத் தொடர்ந்து தர முடியாது. இரண்டு மோட்டார்களும் சேர்ந்து கிளம்பும் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். ஊனோ அணைந்து மறுபடி உயிர் பெறும். கார் ஒரு துள்ளு துள்ளி நிற்கும், மறுபடி துள்ளும். பார்ப்பவர்கள் புரோகிராமில் தவறு என்று மணிக்கணக்கில் தேடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்298என் டிரைவர் தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் பென்சில் செல் நான்கைப் போட்டால் மொத்தம் 4.8 வோல்ட். அதில் 2 போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது 2.8. கார் முனகும், நகராது. ஆறு செல் போடும் பெட்டியை வாங்குங்கள். 7.2 வோல்ட்டில் 2 போக 5.2 மிஞ்சும். மோட்டாருக்கு அது சரியான அளவு.

சில கிட்களில் 18650 என்ற லித்தியம் செல்கள் இரண்டு வரும். பலம் உள்ளவை, ஆனால் விளையாட்டில்லை. இரு முனைகளும் ஒரு சாவியில் பட்டாலே கொதித்துத் தீப்பிடிக்கலாம். மேலுறை கிழிந்த செல்லைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கென்று உள்ள சார்ஜரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். சிறுவர்கள் உள்ள வகுப்புக்கு என் ஓட்டு பென்சில் செல்லுக்கே.

ஒயர் இணைப்பு

சுவிட்ச் அணைந்திருக்கும்போதுதான் ஒயரைத் தொட வேண்டும். கீழ்க்கண்ட வரிசையில் இணையுங்கள்.

1. இடது மோட்டாரின் இரண்டு ஒயர்களை டிரைவரின் ஒரு பக்க முனைகளிலும், வலது மோட்டாரின் ஒயர்களை மறுபக்க முனைகளிலும் ஸ்க்ரூவை நன்கு இறுக்கிப் பொருத்துங்கள்.

2. பேட்டரியின் சிவப்பு ஒயர் சுவிட்ச் வழியாக வந்து இரண்டாகப் பிரிய வேண்டும். ஒன்று டிரைவரில் 12வி என்று எழுதியுள்ள முனைக்கு, மற்றது ஊனோவின் வி.ஐ.என். பின்னுக்கு. டிரைவரில் 5வி என்ற முனையை அப்படியே காலியாக விடுங்கள். அதன் அருகில் உள்ள சிறு ஜம்பர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

3. பேட்டரியின் கறுப்பு ஒயர் டிரைவரின் ஜி.என்.டி. முனைக்கு. அங்கிருந்து இன்னொரு ஒயர் ஊனோவின் ஜி.என்.டி. பின்னுக்கு. இந்த இரண்டாவது ஒயரைத்தான் பலர் மறக்கிறார்கள். இது இல்லாவிட்டால் ஊனோ போடும் உத்தரவு டிரைவருக்குப் புரியாது.

4. டிரைவரின் ஈ.என்.ஏ., ஈ.என்.பி. பின்களில் உள்ள ஜம்பர்களைக் கழற்றிவிட்டு, போர்டின் வெளி ஓரத்தில் உள்ள பின்களிலிருந்து முறையே ஊனோவின் 5, 6 ஆகியவற்றுக்கு ஒயர் கொடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துபவை இவை.

5. ஐ.என்.1, 2, 3, 4 ஆகியவற்றை முறையே ஊனோவின் 7, 8, 4, 2 பின்களுக்குக் கொடுங்கள். திசையைத் தீர்மானிப்பவை இவை.

6. சென்சாரின் நான்கு கால்களில் வி.சி.சி. ஊனோவின் 5வி-க்கு, ஜி.என்.டி. ஜி.என்.டி.க்கு, ட்ரிக் 12-க்கு, எக்கோ 11-க்கு.

சுவிட்ச் போடும் முன் சிவப்பு, கறுப்பு ஒயர்களை இன்னொருவர் கண்ணால் ஒருமுறை சரிபார்க்கட்டும். நான் சொன்ன கருகிய கார், இவை இரண்டும் இடம் மாறியதால் கருகியதுதான். ஐந்து நொடி வேலை, ஒரு போர்டின் விலை.

கம்ப்யூட்டரைத் தயார் செய்வோம்

ஆர்டுயினோ ஐ.டி.இ. என்ற சாஃப்ட்வேர் இலவசம். ஆர்டுயினோவின் அதிகாரப்பூர்வ வெப்சைட்டிலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். 2022-ல் வெளியான 2-ஆம் பதிப்புக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பள்ளியில் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம், 1.8.19 என்ற பழைய பதிப்பு போதும்.

இப்போது ஊனோவை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7-ல் ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் டிவைஸ் மேனேஜர் என்று டைப் செய்தால் கிடைக்கும். அங்கே போர்ட்ஸ் என்ற பிரிவில் காம் 3, காம் 5 என்பது போல ஒரு எண் தோன்ற வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

எண் தோன்றினால் நல்லது, மேலே செல்லலாம்.

மஞ்சள் முக்கோணத்துடன் பெயர் தெரியாத டிவைஸ் என்று வந்தால் டிரைவர் சாஃப்ட்வேர் இல்லை என்று பொருள். நகல் போர்டுகளில் பெரும்பாலும் சி.ஹெச்.340 என்ற சிப் இருக்கும். அதைத் தயாரிக்கும் டபிள்யூ.சி.ஹெச். நிறுவனத்தின் தளத்திலேயே டிரைவர் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்துவிட்டுக் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் எந்த மாற்றமும் இல்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மலிவுக் கேபிள்களில் கரண்டுக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். டேட்டா செல்லும் கம்பிகள் இருக்காது. விளக்கு எரிவதால் கேபிள் நல்லது என்று நம்பிவிடுகிறோம். அதே கேபிளில் வேறொரு போர்டை மாட்டிப் பாருங்கள், அதுவும் தெரியாவிட்டால் குற்றவாளி கேபிள்தான்.

முதல் புரோகிராம்

ஐ.டி.இ.யில் டூல்ஸ் மெனு சென்று போர்டு என்ற இடத்தில் ஆர்டுயினோ ஊனோ, போர்ட் என்ற இடத்தில் நீங்கள் பார்த்த காம் எண் இரண்டையும் தேர்வு செய்யுங்கள். பைல் மெனுவில் எக்ஸாம்பிள்ஸ், அதில் 01.பேசிக்ஸ், அதில் பிளிங்க் என்பதைத் திறங்கள். இது போர்டிலுள்ள சிறு விளக்கை ஒரு நொடி எரித்து, ஒரு நொடி அணைக்கும் புரோகிராம்.

அப்படியே அனுப்பாதீர்கள். பல போர்டுகளில் இதே புரோகிராமை ஏற்றித்தான் விற்கிறார்கள். விளக்கு மின்னுவது உங்களாலா, கடைக்காரராலா என்று தெரியாமல் போய்விடும். புரோகிராமில் 1000 என்று உள்ள இரண்டு இடங்களிலும் 200 என்று மாற்றிவிட்டு, அம்புக்குறி உள்ள அப்லோட் பட்டனை அழுத்துங்கள். விளக்கு படபடவென்று மின்னினால் கம்ப்யூட்டர், கேபிள், டிரைவர், போர்டு நான்கும் நலம். கேபிளைக் கழற்றினாலும் புரோகிராம் அழியாது, அடுத்த முறை சுவிட்ச் போட்டதும் தானாக ஓடும்.

'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். போர்டின் பெயரோ காம் எண்ணோ தவறாக இருக்கலாம். அதே போர்டை வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினாலே காம் எண் மாறலாம். இரண்டும் சரி என்றால் ஊனோவின் 0, 1 பின்களைப் பாருங்கள். கம்ப்யூட்டருடன் பேசப் போர்டு பயன்படுத்துவது இந்தப் பின்களைத்தான். செல்போனால் காரை ஓட்டுவதற்காக ப்ளூடூத் மாட்யூலை இங்கே இணைத்திருந்தால் அப்லோட் ஆகாது. அந்த ஒயர்களை எடுத்துவிட்டு அப்லோட் செய்து, பிறகு மாட்டுங்கள். பீரோவிலிருந்த ஒரு காரின் நோய் இதுதான்.

சக்கரம் சுழலட்டும்

காரை ஒரு டப்பாவின் மேல் வையுங்கள், சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கட்டும். மேசையிலிருந்து பாய்ந்து விழுந்த கார்கள் ஏராளம். புரோகிராமின் செட்அப் பகுதியில், தேவையான பின்களை அவுட்புட் என்று அறிவித்த பிறகு, இரண்டு நொடி காத்திருக்கும் டிலே கட்டளை ஒன்றையும் போட்டுவிடுங்கள். சுவிட்ச் போட்டுக் கையை எடுக்க நேரம் கிடைக்கும்.

லூப் பகுதியில் 7-ஐ ஹை, 8-ஐ லோ, 4-ஐ ஹை, 2-ஐ லோ செய்து, 5, 6 இரண்டுக்கும் அனலாக்ரைட் கட்டளையால் 150 என்ற எண்ணைக் கொடுங்கள். இந்த எண் 0 முதல் 255 வரை இருக்கலாம், கூடினால் வேகம் கூடும். கேபிளைக் கழற்றிவிட்டுப் பேட்டரி சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழல்கிறதா? தவறில்லை. அந்த மோட்டாரின் இரண்டு ஒயர்களை டிரைவரில் இடம் மாற்றுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுழலவில்லையா? இடது, வலது மோட்டார்களின் ஒயர்களை டிரைவரில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். நோய் மோட்டாருடனேயே நகர்ந்தால் மோட்டார் பழுது. பழைய முனையிலேயே நின்றால் மோட்டார் நல்லது, கோளாறு டிரைவரிலோ அதற்கு வரும் ஒயரிலோ இருக்கிறது. மோட்டாரைத் தனியே சோதிக்க, இரண்டு பென்சில் செல்லை நேராகத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

மோட்டார் 'ம்ம்...' என்று முனகி நிற்கிறதா? எண்ணைக் கூட்டுங்கள். 60, 70 போன்ற சிறிய எண்களில் பல மோட்டார்களுக்கு உடலை அசைக்கப் பலம் வருவதில்லை.

நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஒரே அச்சில் வார்த்த மோட்டார்கள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தரையில் டைல்ஸ் கோட்டை ஒட்டி 2 மீட்டர் ஓடவிட்டு எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் விலகினால் வலது மோட்டார் வேகம் அதிகம். அதன் எண்ணை 150-லிருந்து 145 ஆக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். மாணவர்களிடம் விட்டால் இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு போட்டியாகிவிடும்.

கண் பேசும் கணக்கு

சென்சார் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எனவே ஒரு சென்டிமீட்டர் போய்வர ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி ஆகும். கிடைத்த நேரத்தை 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பாடம் கண்முன்னே ஓடுகிறது.

காரை ஓட்டும் முன், இந்தத் தூரத்தைச் சீரியல் மானிட்டரில் காட்டும்படி செய்து, ஸ்கேல் வைத்து 20 சென்டிமீட்டரில் ஒரு புத்தகத்தை நிறுத்திச் சரிபாருங்கள். புரியாத குறியீடுகள் வந்தால் மானிட்டரிலும் புரோகிராமிலும் 9600 என்ற ஒரே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் 0 வந்தால் ட்ரிக், எக்கோ ஒயர்கள் மாறியிருக்கும். எப்போதாவது 0 வந்தால் அது 'எதிரொலி வரவில்லை' என்பதற்கான அடையாளம். அதை 'சுவர் மூக்கைத் தொட்டுவிட்டது' என்று புரோகிராம் எடுத்துக்கொண்டால் கார் காரணமின்றிப் பின்வாங்கும். 0-ஐப் பொருட்படுத்தாமல் விடச் சொல்லி எழுதுங்கள். திரைச்சீலை ஒலியை விழுங்கிவிடும், சாய்ந்த பலகை வேறு பக்கம் திருப்பிவிடும். வகுப்பில் இரண்டு கார்கள் எதிரெதிரே நின்றால் ஒன்றின் ஒலியை மற்றது தன்னுடையது என்று நினைக்கவும் கூடும்.

சென்சாரை இடவலமாகத் திருப்ப சர்வோ மோட்டார் வைத்த கிட்களில் ஒரு வினோதம் உண்டு. சர்வோ லைப்ரரியைப் புரோகிராமில் சேர்த்த உடனே ஊனோவின் 9, 10 பின்களில் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. நேற்று ஓடிய சக்கரம் இன்று திடீரென்று வேகம் மாறி ஓடினால் இதை நினைவில் கொள்ளுங்கள். நாம் 5, 6 பின்களைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுதான்.

வகுப்பறையில் ஒரு நோட்டு

ஒவ்வொரு காருக்கும் எண் ஒட்டுங்கள். அதே எண்ணை அதன் கேபிளிலும் பேட்டரி பெட்டியிலும் ஒட்டுங்கள். மேசையில் ஒரு நோட்டு இருக்கட்டும். 'என்ன நடந்தது? எதை மாற்றினோம்? பிறகு என்ன ஆனது?' என்று மூன்று பத்தி போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பேட்டரியையும் கேபிளையும் ஒன்றாக மாற்றிக் கார் ஓடிவிட்டால், எது நோய் என்று கடைசி வரை தெரியாது.

தேடும் வரிசை எப்போதும் ஒன்றே. முதலில் மின்சாரம், பிறகு கேபிளும் காம் எண்ணும், பிறகு பிளிங்க், பிறகு மோட்டார், கடைசியாகத்தான் உங்கள் புரோகிராம். தினமும் புரோகிராம் எழுதும் நானே பலமுறை இதைத் தலைகீழாகச் செய்து நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கான லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழி 1967-ல் அமெரிக்காவில் உருவானது. உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், தரையில் ஊர்ந்து கோடு வரையும் 'ஆமை' ரோபோவைப் பிள்ளைகள் அந்த மொழியால் ஓட்டும்படி செய்தார். இன்றைய ரோபோ கார்களின் தாத்தா அந்த ஆமை. 1980-ல் வெளியான தன் மைண்ட்ஸ்டார்ம்ஸ் நூலில் அவர் வலியுறுத்திய கருத்துகளில் ஒன்று, புரோகிராமில் பிழை வருவது குற்றமல்ல, அதைத் தேடித் திருத்துவதில்தான் பிள்ளை கற்கிறது என்பது. பிழை செய்தவர் யார் என்று தேடும் வகுப்பில் இது நடக்காது. பிழை எங்கே என்று தேடினால்தான் நடக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை அந்த மாணவியை வரவழைத்தார் ஆசிரியர். ஏழாவது காரின் கேபிளை அவளிடம் கொடுத்து, வேறொரு காரில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது, காம் எண் வரவில்லை. மூன்றாவது காரில் மாட்டினாள், அங்கும் வரவில்லை. "அப்போ கேபிள்தான் சார்" என்றாள் மெதுவாக. நல்ல கேபிளை மாட்டியதும் காம் 4 என்று வந்தது. ஆசிரியரே நோட்டை எடுத்து அவளிடம் நீட்டி, முதல் வரியை எழுதச் சொன்னார்.

இப்போது ஒன்பது கார்கள் ஓடுகின்றன. பத்தாவதைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காக அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளி பீரோவிலும் இப்படிச் சில கார்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நல்ல கேபிளும் ஆறு சார்ஜ் செய்த செல்லும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.